எறும்பையும் மிதியாதவர்கள்

போரைப் பாடிய இலக்கியம் எல்லா மொழியிலும் உண்டு. பரணி என்றொரு வகையையே அதற்கென வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. ஆனால் போர் ஓய்ந்தபின், அதனை ஏவியவர்களைக் கூண்டில் நிறுத்திக் கணக்குக் கேட்கும் நேரத்தைப் பற்றிய இலக்கியம் மிகக் குறைவு. அவ்வாறு கணக்குக் கேட்கப்பட்ட நேரங்களே வரலாற்றில் குறைவு என்பது அதற்குக் காரணமாகலாம். வென்ற மன்னனைக் கேட்பார் இல்லை. தோற்ற மன்னனோ பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. இந்தப் பழைய வழக்கம் முறிந்த இடங்களுள் ஒன்று நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரம். அங்கு நடந்த விசாரணைகளை நேரில் அமர்ந்து கவனித்த குரோஷிய எழுத்தாளர் ஸ்லாவென்கா திராகுலிச், தாம் கண்டவற்றை ஒரு நூலாக்கினார். அதன் ஆங்கிலப் பதிப்பு 2004-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் அந்நூலை மீண்டும் கையில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. அது எழுதப்பட்ட காலத்தில் முடிவு தெரியாதிருந்த வழக்குகளின் முடிவு இன்று நமக்குத் தெரியும். நூலாசிரியரின் கணிப்பையும் காலத்தின் கணிப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கிறது. மேலும், இது கத்தோலிக்கர்களாகிய நம் மனச்சான்றைத் தொடும் நூல். ஏனெனில் அந்தக் கூண்டில் நின்றவர்களுள் நம் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர்களும் இருந்தார்கள்.

நூலின் தலைப்பைத் தமிழில் 'ஓர் ஈக்கும் தீங்கு செய்யமாட்டார்கள்' எனலாம். குரோஷிய மூலத்தின் தலைப்பில் ஈக்குப் பதிலாக எறும்பு வருகிறது. எறும்பையும் மிதிக்காத மனிதர் என்று சாதுவானவரைப் பற்றி நாமும் சொல்கிறோம் அல்லவா? கொலைகாரர் என்று தீர்ப்பிடப்பட்டவரைப் பற்றி அவருடைய அண்டை வீட்டார் சொன்ன சொற்களாகவே இத்தலைப்பு அமைகிறது. நூலின் முழுப் பொருளும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

நூலும் களமும்

யூகோஸ்லாவியா என்ற நாடு 1991-இல் உடையத் தொடங்கியது. செர்பியர், குரோஷியர், போஸ்னிய முஸ்லிம்கள் ஆகிய மூன்று மக்களும் ஏறக்குறைய ஒரே மொழியைப் பேசியவர்கள். செர்பியர் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் சபையையும், குரோஷியர் பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபையையும் சார்ந்தவர்கள். 1992 முதல் 1995 வரை நீடித்த போஸ்னியப் போரில் ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்டனர். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1993 மே மாதத்தில், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயத்தை ஹேக் நகரில் நிறுவியது. 2017 டிசம்பர் இறுதியில் அதன் கதவுகள் மூடப்படும்வரை 161 பேர்மீது அது குற்றம் சாட்டியது.

திராகுலிச் 1949-இல் குரோஷியாவின் ரியெக்கா நகரில் பிறந்தவர். போர்க்காலத்தில் தேசிய வெறிக்கு எதிராக எழுதியதால், 1992-இல் அந்நாட்டு வார இதழ் ஒன்று அவரையும் வேறு நான்கு பெண்களையும் சூனியக்காரிகள் என்று தூற்றியது. ஆகவே நீதிமன்றத்தின் பார்வையாளர் வரிசையில் அவர் வெளியாளாக அமரவில்லை. தம் மொழியிலேயே சாட்சிகள் அழுவதையும், தம் மொழியிலேயே குற்றவாளிகள் மறுப்பதையும் மொழிபெயர்ப்பின் துணையின்றிக் கேட்டார். இந்த நெருக்கம் நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

நூலின் முதன்மையான கேள்வி மிக எளியது. இவர்கள் யார்? கோரான் யெலிசிச் என்ற இளைஞர் ஆற்றில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதில் நாட்டம் கொண்டவர். முஸ்லிம் நண்பர்களும் அவருக்கு இருந்தார்கள். 1992 மே மாதத்தில் பிர்ச்கோ நகரில் கைதிகளை ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு வயது 23. தம்மைச் செர்பிய அடால்ப் என்று அழைத்துக்கொண்டார். தீர்ப்பாயம் 1999-இல் அவருக்கு 40 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஃபோச்சா நகரில் முஸ்லிம் பெண்களையும் சிறுமியரையும் அடைத்துவைத்துச் சிதைத்த மூவருக்கு 2001 பிப்ரவரியில் முறையே 28, 20, 12 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்ததை மானுடத்திற்கு எதிரான குற்றமாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. அந்த மூவரையும் பார்க்கும் நூலாசிரியருக்கு, எந்த ஊர்த் தேநீர்க் கடையிலும் எதிர்ப்படக்கூடிய முகங்களாகவே அவை தெரிகின்றன. தாம் செய்தது ஏன் குற்றம் என்பதே விளங்காத முகங்கள்.

இந்தப் பகுதிகளில் நூல் உயர்ந்து நிற்கிறது. குற்றவாளிகளை அரக்கர் என்று அழைப்பது நமக்கு வசதியானது. அரக்கர் என்றால் அவர்கள் நம் இனமல்லர், நமக்குக் கவலையில்லை. அந்த வசதியை ஆசிரியர் நம்மிடமிருந்து பறித்துவிடுகிறார். பிறப்புநிலைப் பாவம் என்பதை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். அதன் பொருளை இந்த அத்தியாயங்கள், இறைநம்பிக்கையின் மொழியைப் பயன்படுத்தாமலேயே, நமக்குக் கற்பிக்கின்றன.

இவற்றுள் திராசென் எர்தெமோவிச் பற்றிய பகுதி நெஞ்சை விட்டு அகலாதது. அவர் ஒரு குரோஷியர், மனைவி செர்பியர், பணியாற்றியதோ செர்பியப் படைப்பிரிவில். ஸ்ரெப்ரெனிட்சா நகரம் வீழ்ந்தபின், 1995 ஜூலை 16 அன்று, பிரான்யேவோ என்ற பண்ணையில் பேருந்துகளில் கொண்டுவரப்பட்ட முஸ்லிம் ஆண்களைச் சுடுமாறு அவருக்கு ஆணை வந்தது. மறுத்தார். இரக்கமிருந்தால் அவர்களோடு நீயும் வரிசையில் நில் என்ற பொருளில் பதில் வந்தது. சுட்டார். தாம் கொன்றவர்கள் ஏறத்தாழ 70 பேர் இருக்கலாம் என்று பின்னர் அவரே சொன்னார். அன்று பிற்பகல் வேறோர் இடத்தில் இன்னும் 500 பேரைக் கொல்லப் புறப்படுமாறு கூறப்பட்டபோது மீண்டும் மறுத்தார்; வேறு சிலரும் அவரோடு சேர்ந்து மறுத்தார்கள். இம்முறை அவரை யாரும் வரிசையில் நிறுத்தவில்லை.

காலையில் பணிந்த மறுப்புக்கும் மாலையில் நிலைத்த மறுப்புக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பதை இறையியலார்தாம் ஆராய வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டின் 79-ஆம் எண்ணில், இத்தகைய செயல்களுக்கு ஆணையிடுவதே குற்றம் என்றும், கண்மூடிக் கீழ்ப்படிந்தவருக்கு அக்கீழ்ப்படிதல் சாக்காகாது என்றும் 1965-லேயே கற்பித்தது. எர்தெமோவிச் தாமாகவே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெரியவர்களின் வழக்குகளில் மீண்டும் மீண்டும் சாட்சி சொன்னார். 1998-இல் அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை உறுதியாயிற்று.

கையும் கட்டளையும்

சுட்டவனைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதும் ஆசிரியர், சுடச் சொன்னவர்களைப் பற்றி எழுதும்போது தடுமாறுகிறார் என்பதே இந்நூலின்மீது நாம் வைக்கும் முதன்மையான குறை.

மிலோசெவிச்சைப் பற்றிய பகுதிகளில் அவருடைய குடும்பத்துக்குள் நுழைந்து விளக்கம் தேடுகிறார். தந்தையும் தாயும் தற்கொலை செய்துகொண்ட ஒரு பிள்ளை. வாழ்நாள் முழுவதும் மனைவியை மட்டுமே நம்பிய கணவன். படைத்தலைவர் ராத்கோ மிலாடிச்சைப் பற்றிய அத்தியாயமோ, 1994-இல் தற்கொலை செய்துகொண்ட அவருடைய மகளின் துயரத்தைச் சுற்றியே அமைகிறது. தந்தையின் மனத்துள் ஓடியிருக்கக்கூடிய எண்ணங்களை ஆசிரியர் புனைந்து எழுதுகிறார். அந்த மகளின் மரணமே, தெய்வங்கள் அவருக்கு விதித்த தண்டனை என்பதுபோல அத்தியாயம் தலைப்பிடப்பட்டிருக்கிறது.

கிரேக்க நாடக மரபில் இதற்கு இடமிருக்கலாம். கிறிஸ்தவ வாசகரால் இதை ஏற்க இயலாது. தந்தையின் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான் என்பது எசேக்கியேல் இறைவாக்கினரின் தெளிவான போதனை. பிறவியிலேயே பார்வையற்றவரைச் சுட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அக்கேள்வியின் அடிப்படையையே ஆண்டவர் தள்ளிவிட்டார். தாவீதின் குழந்தை இறந்த நிகழ்ச்சி விவிலியத்தில் உண்டே என்று சிலர் கேட்கலாம். அப்பகுதி நமக்கும் நெருடலானதே. எனினும் இறைவெளிப்பாடு அங்கேயே நின்றுவிடவில்லை. ஒரு பெண்ணின் சாவைத் தந்தையின் தண்டனைக் கணக்கில் எழுதும்போது, அவள் ஓர் ஆள் என்பதே மறைந்துவிடுகிறது. இன்னொன்றும் நேர்கிறது: தெய்வமே தண்டித்துவிட்டது என்றால், நீதிமன்றம் எதற்கு?

மிலாடிச் விஷயத்தில் வரலாறு அந்த அத்தியாயத்தைத் திருத்திவிட்டது. 2011 மே மாதத்தில் அவர் பிடிபட்டார். 2017 நவம்பரில் வாழ்நாள் சிறை விதிக்கப்பட்டது. 2021 ஜூன் மாதத்தில் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. தெய்வங்களுக்கு விடப்பட்டிருந்த வேலையை மனிதர்களே, சட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு, சாட்சி சாட்சியாக விசாரித்து முடித்தார்கள்.

அரசியல் தலைவரின் குற்றம் அவருடைய குழந்தைப் பருவத்தில் இல்லை. அவர் கையெழுத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள உளவியலைவிடச் சாமுவேல் இரண்டாம் நூல் நமக்கு உதவும். உரியாவைக் கொன்ற அம்புகள் அம்மோனியருடையவை. தாவீது அரசர் அப்போது எருசலேமில், அரண்மனையில் இருந்தார். அவர் செய்ததெல்லாம் படைத்தலைவர் யோவாபுக்கு ஒரு மடல் எழுதியது மட்டுமே. அதையும் உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். போரில் ஒரு வீரன் மடிந்தான் என்பதற்குமேல் ஊரார் எதையும் அறிந்திருக்க இயலாது. ஆனால் நாத்தான் இறைவாக்கினர் அரசர் முன் சென்று நின்றபோது, அம்பெய்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. எதிரியின் வாளைக் கொண்டு உரியாவைக் கொன்றவர் அரசரே என்றார். மடல் எழுதிய கையும் கொன்ற கைதான் என்ற சட்டநெறி அங்கே பிறந்தது எனலாம்.

ஹேக் தீர்ப்பாயத்தின் சட்டவிதிகளில் 7-ஆம் விதி இதையே இன்றைய மொழியில் சொல்கிறது. திட்டமிட்டவர், தூண்டியவர், ஆணையிட்டவர் ஆகியோர் செய்தவரைப் போலவே பொறுப்பாளிகள். நாட்டின் தலைவர் என்ற பதவி எவரையும் காக்காது. கீழே உள்ளவர்கள் குற்றம் செய்கிறார்கள் என்று அறிந்தும், அல்லது அறிய வாய்ப்பிருந்தும், தடுக்கவோ தண்டிக்கவோ தவறிய மேலாளரும் குற்றவாளியே. மேலிடத்து ஆணை என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தைப் போக்காது.

இந்த விதி எவ்வாறு செயற்படுகிறது என்பதற்கு ராடோவான் கராட்ஜிச்சின் வழக்கு சான்று. போஸ்னியச் செர்பியரின் தலைவராயிருந்த அவர் மனநல மருத்துவர். கவிதைத் தொகுப்புகள் வெளியிட்ட கவிஞருங்கூட. இலக்கிய இதழ் படிக்கும் நாம் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1995 மார்ச் மாதத்தில் அவர் கையெழுத்திட்ட ஏழாம் எண் ஆணை, ஸ்ரெப்ரெனிட்சா, ஜெப்பா ஆகிய இடங்களின் மக்களுக்கு, இனி உயிர்பிழைப்போம் என்ற நம்பிக்கையே இல்லாதபடி தாங்கொணாத நிலையை உண்டாக்குமாறு படைக்குப் பணித்தது. நான்கு மாதங்களில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 7,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். சொல்லின் ஆற்றலை அறிந்த ஒருவர் எழுதிய மடல் அது. திராகுலிச் நூல் எழுதிய காலத்தில் கராட்ஜிச் தலைமறைவாக இருந்தார். 2008-இல் பிடிபட்டார், 2016-இல் இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2019-இல் வாழ்நாள் சிறை பெற்றார். கொலைக்களத்தில் நின்ற எர்தெமோவிச்சுக்கும் அந்த ஆணைக்கும் இடையே உள்ள படிகளை ஒவ்வொன்றாக ஏறிக் காட்டியதே நீதிமன்றம் செய்த பெரும்பணி. நூலில் நாம் தேடிக் கிடைக்காததும் அந்தப் படிகளே.

ஓர் அறிக்கையின் கதை

தலைவர்களுள் ஒருவரேனும் மனம் மாறினாரா? இக்கேள்வியோடு நூலாசிரியர் பில்யானா பிளாவ்சிச் என்ற அம்மையாரை அணுகுகிறார். நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று இது. காலம் மிகக் கடுமையாகத் திருத்திய பகுதியும் இதுவே.

பிளாவ்சிச் சரயேவோ பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர். போர்க்காலத்தில் போஸ்னியச் செர்பியத் தலைமையில் இருந்தவர். போருக்குப் பின் அப்பகுதியின் குடியரசுத் தலைவருமானார். 1992-இல், பியெலினா நகரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட நாட்களில், அக்கொலைப் படையின் தலைவனை அவர் முத்தமிட்டு வாழ்த்தியதை உலகமே கண்டது. அத்தகையவர் 2001 ஜனவரியில் தாமாகவே ஹேக் நகருக்கு வந்து சரணடைந்தார். 2002 அக்டோபரில் மானுடத்திற்கு எதிரான குற்றமாகிய துன்புறுத்தலைச் செய்ததாக ஒப்புக்கொண்டார். இனப்படுகொலை உள்ளிட்ட ஏனைய குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் நீதிபதிகள் முன் அறிக்கை ஒன்றைப் படித்தார். இனி ஒருபோதும் பலியாகமாட்டோம் என்ற அச்சமே தம் மக்களைப் பிறரைப் பலியிடுவோராக்கியது என்பது அதன் சாரம். கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். 2003 பிப்ரவரியில் அவருக்கு 11 ஆண்டுகள் விதிக்கப்பட்டன.

திராகுலிச் அந்த அறிக்கையை ஐயத்தோடும் மதிப்போடும் ஆராய்கிறார். நூலை முடித்தபோது அவர் அறியாதது ஒன்றுண்டு. 2009-இல், ஸ்வீடன் சிறையிலிருந்து அளித்த நேர்காணலில், தாம் தவறு எதுவும் செய்யவில்லை என்றும், மற்றக் குற்றச்சாட்டுகள் விலகட்டும் என்பதற்காகவே ஒப்புக்கொண்டதாகவும் பிளாவ்சிச் கூறிவிட்டார். அவ்வாண்டு அக்டோபரிலேயே விடுதலையானார். அரசு விமானம் அவரைத் தாயகத்துக்கு அழைத்துச் சென்றது.

ஒப்புரவு அருட்சாதனத்தில் வளர்ந்த நமக்கு இதில் அறிய வேண்டியது மிகுதி. பாவி செய்ய வேண்டியவை மூன்று என்று திருச்சபை கற்பிக்கிறது: உள்ளத்து மனத்துயர், வாயால் அறிக்கை, செயலால் பரிகாரம். நீதிமன்றத்தால் கேட்டுப் பெற இயன்றது அறிக்கை ஒன்றே. மனத்துயரை எந்த நீதிபதியாலும் அளக்க முடியாது. பரிகாரத்தையும் அது ஓரளவுக்கே பெற முடியும்; தம் ஒப்பந்தத்தின் பகுதியாகப் பிறருக்கு எதிராகச் சாட்சி சொல்ல பிளாவ்சிச் இசையவில்லை என்பதை இங்கே நினைக்க வேண்டும். எழுபது பேரைக் கொன்ற இளைஞர் உண்மையைச் சொல்லித் தம் தலைவர்களுக்கு எதிராகச் சாட்சி நின்றார். ஒருவரையும் தம் கையால் கொல்லாத பேராசிரியர் அழகான அறிக்கை ஒன்றைப் படித்து, பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இருவருள் யாருடைய அறிக்கை பாவசங்கீர்த்தனத்திற்கு அண்மையில் நிற்கிறது என்பதை வாசகரே எடை போடலாம்.

தவறான ஆணையால் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கத்தைக் கண்ட அந்த நொடியிலேயே தன் பிழையை ஏற்று அரியணையில் உயிர் துறந்தான் என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். சாட்சியம் ஒன்றே அந்த மன்னனுக்குப் போதுமானதாக இருந்தது. ஹேக்கில் அப்படி ஒரு மன்னரும் இல்லை. நாட்டுத் தலைவராயிருந்தபோதே 1999-இல் குற்றம் சாட்டப்பட்ட மிலோசெவிச், சட்டம் பயின்றவர். அந்த நீதிமன்றத்தையே ஏற்க மறுத்துத் தமக்காகத் தாமே வாதாடினார். 2002 பிப்ரவரியில் தொடங்கிய வழக்கு தீர்ப்பைக் காணுமுன், 2006 மார்ச் மாதத்தில் சிறையறையில் இறந்தார். நான்காண்டு உழைப்பு தீர்ப்பின்றி முடிந்தது. ஆயினும் அந்த விசாரணையில் பதிவான சாட்சியங்கள் அழியவில்லை. நடக்கவே இல்லை என்று இனி ஒருவர் சொல்வதாயின், அந்த ஆவண மலையைத் தாண்டித்தான் சொல்ல வேண்டும்.

நம்மவர்

பன்னாட்டு நீதிமன்றங்கள்மீது ஒரு பழி உண்டு: வலியோரை விட்டு எளியோரையே அவை பிடிக்கின்றன என்பது. பழியில் உண்மை இல்லாமலில்லை. 1999-இல் நேட்டோ நாடுகள் யூகோஸ்லாவியாமீது குண்டு வீசியது பற்றி விசாரணை தொடங்கத் தேவையில்லை என்று ஹேக் வழக்குரைஞர் அலுவலகம் 2000-இல் முடிவு செய்தது. 2002-இல் நடைமுறைக்கு வந்த நிரந்தரப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவை உறுப்பினராகவில்லை, இந்தியாவும் சேரவில்லை. அந்நீதிமன்றம் 2023-இல் ரஷ்ய அதிபர்மீதும், 2024-இல் இஸ்ரேல் பிரதமர்மீதும் பிடியாணை பிறப்பித்தது. வலியோரை நோக்கியும் அந்தக் கை நீண்டிருக்கிறது. ஆனால் நீண்ட கை எதையும் பற்றுவதற்கு நாடுகளின் ஒத்துழைப்பு வேண்டும். எல்லாக் கள்வரையும் பிடிக்கவில்லை என்பதற்காகப் பிடிபட்ட கள்வனை விடுவிப்பார் உண்டா?

இதைவிட ஆழமான இன்னொரு குறையை நூல் சுட்டுகிறது. அது நீதிமன்றத்தின் குறையன்று, மக்களின் குறை. கோஸ்பிச் என்ற குரோஷிய நகரத்தில் 1991 இலையுதிர் காலத்தில் செர்பியக் குடிமக்கள் கொல்லப்பட்டனர். அந்நகரத்தவரும் குரோஷியப் படையில் இருந்தவருமான மிலான் லேவார், அக்கொலைகளைப் பற்றி ஹேக் விசாரணையாளர்களிடம் உண்மையைச் சொன்னார். 2000 ஆகஸ்டு மாதத்தில், தம் வீட்டில் வெடித்த குண்டுக்குப் பலியானார். கொலையைவிட அதன்பின் ஊரில் நிலவிய மௌனமே ஆசிரியரை அதிகம் கலங்கச் செய்கிறது. அது பெரும்பாலும் கத்தோலிக்கர் வாழும் நகரம். ஞாயிறுதோறும் திருப்பலி நடக்கும் நகரம்.

நூலில் தனி அத்தியாயம் பெறாத ஒருவரை நாம் இங்கே சேர்த்துக்கொள்கிறோம். தாரியோ கோர்திச் போஸ்னியக் குரோஷியரின் அரசியல் தலைவர்களுள் ஒருவர். 1993 ஏப்ரல் 16 அன்று அஹ்மிச்சி என்ற சிற்றூரில், பெண்களும் குழந்தைகளும் உட்பட 100-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், பள்ளிவாசல் தகர்க்கப்பட்டது. கோர்திச் துப்பாக்கி ஏந்தி அங்கே நிற்கவில்லை. எனினும் அக்குற்றங்களில் அவருக்கிருந்த பங்கிற்காக 2001-இல் 25 ஆண்டுகள் விதிக்கப்பட்டு, 2004-இல் அது உறுதியாயிற்று. தண்டனையின் பெரும்பகுதியை முடித்து 2014 ஜூன் மாதத்தில் அவர் ஜாக்ரெப் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, பெருங்கூட்டம் ஆர்ப்பரித்து வரவேற்றது. அக்கூட்டத்தில் கத்தோலிக்க ஆயர் ஒருவரும் இருந்தார்.

தண்டனை முடித்தவரை ஏற்றுக்கொள்வது கிறிஸ்தவக் கடமை. சிறையிலிருந்தோரைச் சந்திப்பதை ஆண்டவர் தம்மையே சந்திப்பதாகக் கொள்கிறார். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மனம் திரும்பியவரை அணைத்துக்கொள்வது ஒன்று. வெற்றி வீரராகத் தோளில் தூக்குவது மற்றொன்று. அஹ்மிச்சியில் பிள்ளைகளைப் புதைத்த தாய் அந்த விமான நிலையக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால், திருச்சபையைப் பற்றி என்ன எண்ணியிருப்பாள்?

நல்லவேளையாக, திருச்சபையின் குரல் அது ஒன்று மட்டுமன்று. 2003 ஜூன் 22 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், செர்பியர் பெரும்பான்மையாக வாழும் பன்யா லூக்கா நகருக்குச் சென்றார். அந்தப் பகுதியில்தான் இரண்டாம் உலகப்போரின்போது குரோஷிய உஸ்தாஷா படையினர் செர்பியரைக் கொன்று குவித்தனர். அங்கே நடைபெற்ற திருப்பலியில், கத்தோலிக்கத் திருச்சபையின் பிள்ளைகளும் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் அவர் இரக்கம் வேண்டினார். அவர் தம் கையால் யாரையும் கொன்றவரல்லர். தம்மவர் செய்ததைத் தம்முடையதாக ஏற்று, தீங்கிழைக்கப்பட்டவர் மண்ணிலேயே நின்று, அதைச் சொன்னார். எந்த நீதிமன்றத்தாலும் கட்டாயப்படுத்திப் பெற முடியாத அறிக்கை அது.

நூலின் இறுதிப் பகுதி ஷெவெனிங்கன் சிறைக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. வெளியே ஒருவரையொருவர் கொன்ற மூன்று இனங்களின் தலைவர்களும் படையினரும் உள்ளே ஒன்றாகச் சமைக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், ஒருவர் நலனை ஒருவர் விசாரிக்கிறார்கள். இவர்களால் இப்படி வாழ முடியுமென்றால் அந்தப் போர் எதற்காக நடந்தது என்று ஆசிரியர் கேட்கிறார். அவருக்குக் கிடைக்கும் விடை: எதற்காகவும் இல்லை. நூலில் நம்மை நீண்ட நேரம் மௌனமாக்கும் இடம் இதுவே. இதற்காகவேனும் இந்நூலை வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். தலைவர்களின் பொறுப்பை விளக்குவதில் அது பின்தங்கினாலும், நம் பொறுப்பை நினைவூட்டுவதில் பின்தங்கவில்லை.

ஒரு தலைவர் குற்றவாளி என்று தூரத்து நகரமொன்றில் நீதிபதிகள் எழுதலாம். அத்தீர்ப்புக்கு உயிர் கிடைப்பது அவருடைய சொந்த மக்கள் அதை ஏற்கும்போதுதான். ஏற்காதவரை அது கோப்பிலேயே கிடக்கும். எதிரியின் தலைவரைக் குற்றவாளி என்று சொல்ல எவருக்கும் துணிவு தேவையில்லை. நாத்தான் சென்றது பகைவரின் அரண்மனைக்கு அன்று. தாம் திருப்பொழிவு பெற்ற அரசரென்று போற்றிய தாவீதின் அரண்மனைக்கே. சிறையிலிருந்து வெளிவரும் தலைவருக்கு மாலை சூட்டும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. அடுத்த முறை நம்மவர் ஒருவர் அவ்வாறு வரும்போது, மாலையோடு போகுமுன், அவர் எதற்காக உள்ளே போனார் என்பதையும், அதனால் யார் வீட்டில் அழுகை கேட்டது என்பதையும் விசாரித்துக்கொள்வோமாக.